விதானையார் என்ன சொல்லுறார்?

என் அப்பாவுக்குப் பிடித்த கதாநாயகன் ஒரேயொருவர்தான். பாடமாட்டார், ஆடமாட்டார், வலது முழங்கால் மடங்காது, கிழமைக்கு ஒருமுறைகூடச் சவரம் செய்யமாட்டார். யாராவது காலை வணக்கம் சொன்னால் தொண்டைக்குள் ஒரு உறுமல் மட்டும் வரும். அமெரிக்காவில் ஏதோவொரு புழுதி ஊருக்கு ஷெரீஃப். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அப்பா அவருக்கு வைத்த பெயர் விதானையார்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் அரசாங்கத்தின் ஆளாக இருந்தவர் விதானையார். வேலிச் சண்டையை விலக்குவதும், கள்ளன் பிடிபட்டால் பொலிஸ் வரும்வரை பிடித்து வைப்பதும் அவர் வேலை. "இவற்ற வேலையும் அதுதானே," என்றார் அப்பா. "என்ன, எங்கட விதானைக்குக் குதிரை இல்லை. இவ்வளவு ரோசமும் இல்லை."

டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் அப்பாவுக்குக் காலை முறை. விடியமுன் போய் இரண்டரைக்கு வீடு திரும்பிவிடுவார். அந்த நேரத்தில் ஒரு சனலில் பழைய குதிரைப் படங்கள் போடுவார்கள். டென்மார்க்கில் படங்களுக்குக் குரல் மாற்றுவதில்லை. ஆட்கள் ஆங்கிலத்தில் கதைப்பார்கள், திரையின் அடியில் டேனிஷில் எழுத்து ஓடும். அப்பாவுக்கு இரண்டாலும் பயனில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். ஆலையில் கதைக்கும் டேனிஷ் அவருக்கு நன்றாக வரும். வாசிப்பதென்றால் ஒரு சொல்லைக் கூட்டி முடிக்குமுன் அடுத்த வரி வந்துவிடும். அம்மா பள்ளிக்கூடமே போகாதவர்.

எங்கள் பரம்பரையில் எதையும் வேகமாக வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஆகவே பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப் பையைக் கழற்றுமுன் எனக்கு ஒரு வேலை காத்திருக்கும்.

"தம்பி, இஞ்ச வந்து இரு. விதானையார் என்ன சொல்லுறார்?"

இப்படித்தான் அந்த ஷெரீஃப் எங்கள் இருக்கை அறையில் யாழ்ப்பாணத் தமிழில் பேசத் தொடங்கினார்.

"துவக்கைக் கீழ வை."

"மூண்டு எண்ணுவன். அதுக்குள்ள ஊரை விட்டுப் போயிடோணும்."

"குதிரைக்குத் தண்ணி வைச்சாச்சோ?"

குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "அந்தாள் குளிக்கிறதேயில்லையோ?" என்பார்.

"அவருக்கு எங்கால நேரம்?" என்பார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கலியாணம் கட்டினவரோ?"

"கட்டியிருந்தா உப்பிடி நிம்மதியாக் குதிரையில திரிவாரோ?"

அகப்பைச் சத்தம் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான்.

விதானையார் மிகக் குறைவாகத்தான் பேசுவார். இரண்டு மணித்தியாலப் படத்தில் அவர் சொன்னதையெல்லாம் சேர்த்தால் என் கொப்பியில் ஒரு பக்கம் வராது. அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கோ சங்கடம். வாசிக்கத் தெரிந்தவன் என்று என்னை அழைத்து உட்கார வைத்திருக்கிறார்கள், வாசிக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கத் தொடங்கினேன். அவர் "வேண்டாம்" என்றால் நான் "வேண்டாம், அது சரிவராது" என்பேன். அவர் உறுமினால் "சரி, பாப்பம்" என்பேன்.

அந்தப் படங்களில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். விதானையாருக்கு ஒரு தம்பி இருக்கிறான். வேறு இரண்டு பேரோடு சேர்ந்து மாடு கடத்திவிடுகிறான். விதானையார் முதலில் மற்ற இருவரையும் பிடித்து அடைக்கிறார். பிறகு தம்பியைத் தேடிப்போய்ப் பிடிக்கிறார். பெரிய ஊரின் சிறைக்கு மூன்று நாள் குதிரைப் பயணம். வழி நெடுக இருவரும் ஒன்றும் பேசுவதில்லை. ஒரே கேத்திலில் கோப்பி, ஒரே நெருப்பு, இரண்டு முதுகுகள். சிறை வாசலில் தம்பி இறங்கி உள்ளே நடக்கிறான். பின்னாலிருந்து விதானையார் கூப்பிடுகிறார். அவன் திரும்புகிறான்.

திரையில் ஓடிய எழுத்து இதுதான்: உன் தொப்பியை விட்டுவிட்டாய்.

சேணத்தில் தொங்கிய தொப்பியை எடுத்து எறிகிறார். அவன் பிடிக்கிறான். படம் முடிந்துவிடும்.

"என்ன சொல்லுறார்?" என்று கேட்டார் அப்பா.

நான் சொன்னேன்: "தம்பி, ஒண்டுக்கும் யோசியாதை. நீ வெளிய வாற அண்டைக்கு நான் இந்த வாசலிலதான் நிப்பன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவ்வளவோ சொன்னவர்? வாய் ரெண்டு தரம்தானே அசைஞ்சது?"

"அமெரிக்க இங்கிலீஷ் அப்பிடித்தானப்பா. சுருக்கமா இருக்கும்."

அவர் மேலே கேட்கவில்லை. அடுத்த கிழமை நான் கோல்டிங்குக்குப் படிக்கப் போகவிருந்தேன். என் உடுப்புப் பெட்டி இருக்கை அறை மூலையில் பல நாளாகத் திறந்து கிடந்தது. அதைச் சுற்றி நடப்பார், அதைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார். அந்த வீட்டில் யாராவது அப்படி ஒரு வசனத்தைச் சொல்லவேண்டியிருந்தது. நான் அதை விதானையாரின் வாயில் வைத்தேன்.

போகும் நாளில் அப்பா காரில் இக்காஸ்ட் ஸ்டேசனுக்குக் கொண்டுவந்து விட்டார். எஞ்சினை நிற்பாட்டவில்லை. நான் பெட்டியை இறக்கும்வரை இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. "ம். போட்டு வா," என்றார். ரயில் வருவதற்குள் கார் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். எல்லா முறையும் அப்படித்தான்.

கோல்டிங்கில் நிர்வாகம் படித்தேன். படித்து முடித்ததும் ஒரு மேசை, ஒரு கணினி, கழுத்தில் பெயர் அட்டை என்று ஏதாவது வரும் என்று நானும் நினைத்தேன், வீட்டிலும் நினைத்தார்கள். விண்ணப்பங்கள் போனபடி இருந்தன. பதில்கள் நல்ல டேனிஷில் வந்தன: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. கடைசியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கார் தரிப்பிடக் காவலர் வேலை கிடைத்தது. கறுப்பு ஜக்கெட், தொப்பி, இடுப்பில் சீட்டு அச்சடிக்கும் சின்ன இயந்திரம். தரிப்பிட விதியை மீறிய காருக்குத் தண்டம் எழுதுவதுதான் வேலை.

விதானையார் ஊருக்குள் நுழைந்தால் யன்னல்கள் மூடும். நான் நுழைந்தால் ஆட்கள் கையில் கோப்பிக் குவளையோடு கார்களை நோக்கி ஓடுவார்கள். அதில் எனக்கு ஆரம்பத்தில் சின்னப் பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவரைப் போலவே மெதுவாக நடந்து பார்த்தேன், அவரைப் போலவே குறைவாகப் பேசிப் பார்த்தேன். ஆனால் அவருக்குத் தனியாக இருக்கத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. நாள் முழுவதும் என்னோடு பேசியவர்கள் என்னை ஏசியவர்கள்தான். ஏச்சு விழாத நாளில் காலையில் கதவைப் பூட்டியதிலிருந்து மாலையில் திறக்கும்வரை என் குரலை நானே கேட்டிருக்கமாட்டேன். மேல்வீட்டுப் பெண் ஒருமுறை படியில் என்னைச் சீருடையில் கண்டாள். அதற்கு முன்பு "ஹை" சொல்லுவாள்.

பழைய சாமான் கடையில் விதானையாரின் கதைகள் மெல்லிய புத்தகங்களாக ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதே கடையில்தான் அந்தத் தம்பியின் படமும் டிவிடியாக அகப்பட்டது. அதை அப்பாவுக்குக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் தெருவோர வாங்கில் அமர்ந்து புத்தகங்களை வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஏமாற்றம். படத்தில் அவர் நெருப்பின் முன் சும்மா இருப்பார். புத்தகத்தில் அதே இடத்தில் ஒன்றரைப் பக்கம் யோசிக்கிறார். தாயை நினைக்கிறார், தம்பியை நினைக்கிறார், தன் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். எழுதியவருக்கும் என்னைப் போலவே அந்த மௌனத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லைப் போல.

ஞாயிறு தோறும் பத்து மணிக்கு அப்பா தொலைபேசியில் எடுப்பார்.

"சாப்பிட்டனியே?"

"ஓமப்பா."

"ஒபிஸ் எப்பிடி?"

"பரவாயில்லை."

"ம். இந்தா, கொம்மாவோட கதை."

ஒபிஸ் என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். ஒரு மாதத்துக்குத்தானே, வேறு வேலை கிடைத்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மாதம் வருடமானது. ஆலையில் அப்பாவோடு நின்றவர்களின் பிள்ளைகள் டொக்டர்கள், எஞ்சினியர்கள். அவர்களிடம் அப்பா "என்ர மகன் கோல்டிங்கில ஒபிஸில" என்று சொல்லியிருப்பார். வேறெதுவும் சொல்லியிருக்கமாட்டார். அந்த ஒரு வசனமும் உண்மையாக இல்லை.

இனி அந்தச் சனிக்கிழமை.

அம்மாவின் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கலியாண வீடு, கோல்டிங்கில் ஒரு மண்டபத்தில். என்னையும் வரச் சொன்னார்கள். அன்றைக்கு ஒபிஸில் கூட்டம் என்றேன். சனிக்கிழமையில் என்ன கூட்டம் என்று அம்மா கேட்கவில்லை. படித்தவர்களின் வேலை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். எந்த மண்டபம் என்று நானும் கேட்கவில்லை.

காலை பத்து மணிக்கு என் முதல் சுற்று. ஒரு பெரிய கடையும் அதற்குப் பின்னாலிருந்த மண்டபமும் பொதுவாகப் பாவிக்கும் தரிப்பிடம் அது. இரண்டு மணித்தியாலம்தான் விடலாம். காரை விட்ட நேரத்தைக் காட்டும் நீல அட்டை மணிக்கூடு ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கவேண்டும். பி-ஸ்கீவ என்பார்கள். புதுக் கார்களில் அது தானாகவே நேரத்தைக் காட்டும். பழைய கார்களில் கையால் திருப்பவேண்டும். எங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு காரின் முன் சில்லிலும் காற்றடிக்கும் மூக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று, மணிக்கூட்டு முள்ளைப் போல எண்ணிக் குறித்துக்கொள்வோம். கார் அசையாமல் மணிக்கூட்டை மட்டும் யாராவது திருப்பினால் அந்த மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றைக்குக் கார்களுக்குள் சின்னப் பிள்ளையார்கள் இருந்தார்கள். கண்ணாடியில் செபமாலைகள் தொங்கின. பின் ஆசனத்தில் பூமாலைப் பெட்டியின் மூடி கிடந்தது. கலியாண வீடு இந்த மண்டபத்தில்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. நாலாவது வரிசையில் அப்பாவின் சாம்பல் நிறக் கார் நின்றது. அதன் மூக்கையும் ஒன்பது மணிப் பக்கம் என்று குறித்தேன்.

அப்போதே தொலைபேசியில் எடுத்துச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டுக்கு முன் எல்லாரும் காரை எடுத்துவிடுங்கள் என்ற ஒரு வசனம் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பார். ஆகவே சொல்லவில்லை. தாலி கட்டியதும் கலைந்துவிடமாட்டார்களா என்று நினைத்தேன். எங்கள் கலியாண வீடு எதுவும் இரண்டு மணித்தியாலத்தில் கலைந்ததை நான் கண்டதில்லை.

பன்னிரண்டுக்குச் சற்று முன் திரும்பி வந்தேன். நாலாவது வரிசையில் கோட் போட்ட ஒருவர் கையில் கடைப் பையோடு காருக்குக் கார் நடந்துகொண்டிருந்தார். பைக்குள்ளிருந்து ஒரு திறப்பை எடுப்பார், கதவைத் திறப்பார், உள்ளே குனிந்து எதையோ திருப்புவார், பூட்டுவார், திறப்பைக் கோட் பைக்குள் போடுவார். அடுத்த கார். முகத்தில் ஒரு சிரிப்பில்லை. பெரிய பொறுப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஆளின் நடை.

எங்கள் மண்டபங்களில் இது வழக்கம். யாராவது ஒருவர் பழைய கார்க்காரர்களிடம் திறப்புகளை வாங்கிக்கொண்டு போய், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எல்லா மணிக்கூட்டையும் திருப்பிவிட்டு வருவார். மற்றவர்கள் பந்தியில் இருந்து எழும்பத் தேவையில்லை. அப்பாவுக்குப் பந்தியும் பிடிக்காது, ஊர்க்கதையும் பிடிக்காது. எந்தக் கொண்டாட்டத்திலும் அந்த வேலையைத் தானாகக் கேட்டு எடுப்பார். எல்லாரையும் தண்டத்திலிருந்து காப்பாற்றுவது தான்தான் என்று உண்மையாகவே நம்பினார். அது விதிக்கு விரோதம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அப்பா நிமிர்ந்தார். முதலில் சீருடையைப் பார்த்தார். பிறகுதான் முகத்தை.

"இதுவோ ஒபிஸ்?"

"ஓமப்பா."

என் இடுப்பில் தொங்கிய இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு பையைச் சற்று உயர்த்திக் காட்டினார். "இது பிழையோ?"

"பிழைதானப்பா. காரை எடுத்துப்போட்டுத் திருப்பி விடலாம். மணியை மட்டும் மாத்தேலாது."

"மாத்தினதெண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் அவருடைய காருக்கு முன் குந்தி, சில்லில் அந்த மூக்கைக் காட்டினேன். "காலமை இது இந்தப் பக்கம் நிண்டது. இப்பவும் அங்கதான் நிக்குது. எல்லாக் காருக்கும் குறிச்சு வைச்சிருக்கிறன்."

அப்பா கோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். அந்த மூக்கை நெடுநேரம் பார்த்தார். "கெட்டிக்காரங்கள்தான்," என்றார், யாரோ எங்கேயோ இருப்பவர்களுக்கு. பிறகு ஒரு கையைச் சில்லில் ஊன்றி எழும்பினார்.

"எத்தினை காருக்கு எழுதோணும்?"

"பதினொண்டு."

"அவைக்கு ஒண்டும் தெரியாது. உள்ள இருந்து சாப்பிடுகினம். மாத்தினது நான்." ஒரு உறுமல் வந்தது. "என்ர காரில துவங்கு."

"அப்பா..."

"எழுது."

எழுதினேன். எனக்கு மனப்பாடமான இலக்கத்தகடு அது. ஆனாலும் இயந்திரம் கேட்டது என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். சீட்டு வந்தது. கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் வைத்தேன். விதானையார் சொந்தத் தம்பியைப் பிடித்த இடம்தான் அப்போது என் மனதில் ஓடியது. அப்பாவும் அதைத்தான் நினைப்பார், என்னை ஒருமுறையாவது அந்தக் கண்ணோடு பார்ப்பார் என்று நம்பினேன்.

அடுத்த காருக்கு முன்னால் நின்றேன். உள்ளே ஒரு குழந்தை ஆசனம், அதில் ஒற்றைச் சப்பாத்து. என் விரல் அசையவில்லை.

"என்ன, அடுத்தது?"

"இல்லையப்பா. அவை காரை அசைச்சு விடட்டும். காணும்."

"அப்ப எனக்கு மட்டும் என்னத்துக்கு எழுதினனி?"

அவர் ஒரு நிமிடம் காத்திருந்தார். உண்மையாகவே பதிலுக்குத்தான் காத்திருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்து, அந்தக் காரில் ஏறி, வெளியே எடுத்து, ஒரு வட்டம் சுற்றி, அதே இடத்தில் விட்டார். இறங்கிச் சில்லைப் பார்த்தார். அடுத்த காருக்குப் போனார். பத்துக் கார். கடைசியாகத் தன்னுடையது, துடைப்பானில் சீட்டு ஆடியபடியே. அரை மணித்தியாலம் நான் இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்து நின்றேன். முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். "போட்டு வாறன்" என்று சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

நான் எடுத்திருக்கலாம். எடுத்தால் அந்தக் கேள்வி இருக்கும், அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. தரிப்பிடங்களில் நடக்கும்போது அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாருக்கும் எழுதியிருந்தால் அது சட்டம். ஒருவருக்கும் எழுதாவிட்டால் அது சொந்தம். நான் செய்தது இரண்டுமில்லை. என்னை மெச்சவேண்டிய ஒருவருக்கு முன்னால் நான் விதானையார் வேசம் போட்டேன், அதன் செலவை அவர் தலையிலேயே போட்டேன். மழைக்காலம் வந்தது, நாலு மணிக்கே தெருவிளக்குகள் எரிந்தன. ஞாயிறு காலை பத்திலிருந்து பத்தரை வரை வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் இருந்தேன். பிறகு உடுப்புத் தோய்க்கப் போவேன்.

இலக்கம் அடிக்க அப்பாவையே நம்பியிருந்த அம்மா, இரண்டு மாதத்துக்குப் பிறகு தானே எடுத்தார்.

"தம்பி, ஒரு கடிதம் எழுதித் தாவன்."

எங்கள் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் நான்தான் எழுதுவது. வரிக் கந்தோர், வீட்டுச் சங்கம், பல் வைத்தியர். "ஆருக்கம்மா?"

"கலியாண வீட்டில கொப்பருக்கு ஒருத்தன் தண்டம் அடிச்சவனாம். மற்ற ஒருத்தருக்குமில்லை, கொப்பருக்கு மட்டும். பாத்தியே அநியாயத்தை? முறைப்பாடு எழுதினாத் திருப்பித் தருவினமாம். நீ படிச்சனிதானே, நல்லா இறுக்கி எழுது. அவன்ர வேலை போற மாதிரி எழுது."

நான் கட்டிலின் விளிம்பில் இருந்தேன். "அப்பா என்ன சொல்லுறார்?"

"அவர் என்னத்தைச் சொல்லுவார்? ஆரடா அவன், எப்பிடி இருந்தவன் எண்டு எல்லாரும் கேட்டுப் பாத்தாச்சு. 'தன்ர வேலையைச் செய்தவன்.' அதுக்கு மேல வாய் திறக்கிறாரில்லை."

பின்னாலிருந்து குரல் கேட்டது. இரண்டு மாதத்தில் நான் கேட்ட அப்பாவின் முதல் சொல்: "கடிதமும் மண்ணும் வேண்டாமெண்டு சொல்லு!"

"கேட்டியே?" என்றார் அம்மா. "விசர் பிடிச்ச மனுசன்."

அடுத்த விடுமுறை நாளில் போனேன். வைலேயில் ஒரு ரயில் மாற்றம், ஹெர்னிங்கில் இன்னொரு மாற்றம். வழி முழுதும் சொல்லவேண்டியதைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். அம்மா கதவைத் திறந்தார். சப்பாத்தைக் கழற்றுமுன் சொல்லிவிட்டேன்: ஒபிஸ் இல்லை, தரிப்பிட வேலை, அந்தத் தண்டத்தை எழுதியது நான்.

அம்மா என் ஜக்கெட்டைக் கையில் வைத்தபடி நின்றார். "கொப்பருக்கோ எழுதினனி?"

"ஓமம்மா."

"நான் அவனைத் திட்டாத திட்டில்லையே," என்றார் மெல்ல. "ரெண்டு மாதமாத் தூசணத்திலயெல்லோ திட்டினனான்." ஜக்கெட்டைக் கொழுவியில் மாட்டினார். "போ. உள்ளதான் இருக்கிறார். நீ வாறாயெண்டு சொன்னனான்."

இருக்கை அறையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த டிவிடி. இரண்டு முதுகுகள், ஒரு நெருப்பு, ஒரு கேத்தில். அப்பா திரும்பவில்லை. நான் என்னுடைய பழைய இடத்தில், சோபாவின் இடப்பக்க மூலையில் இருந்தேன். பயணம் முடிந்தது. சிறை வாசல் வந்தது. தம்பி இறங்கி நடந்தான். விதானையார் கூப்பிட்டார். அவன் திரும்பினான்.

"என்ன சொல்லுறார்?" என்றார் அப்பா.

எழுத்து திரையில் நின்றது.

"உன்ர தொப்பியை விட்டிட்டாய் எண்டு சொல்லுறார்."

"அவ்வளவும்தானோ?"

"அவ்வளவும்தான்."

அப்பா தலையை ஆட்டினார். "முந்தி நீ வேற என்னவோ சொன்னனி."

"ஓமப்பா. அது நான் சேர்த்தது."

"தெரியும். அந்தாள் அவ்வளவு கதைக்காது." படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. அவர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பியைப் பிடிச்சது சரி. ஆனா கூடக் களவெடுத்த மற்ற ரெண்டு பேரையும் முதல் பிடிச்சுப்போட்டுத்தான் தம்பியிட்டப் போனவர்."

"ஓம்."

"அதுதான் நீ விட்ட பிழை."

"ஓமப்பா."

"சரி. சாப்பிடு. கொம்மா மீன் வைச்சிருக்கிறா."

மீன் குழம்பும் புட்டும் சாப்பிட்டோம். வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும், மழைக்கு என்ன செய்வாய், சப்பாத்து அவர்கள் தருவதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நாய்களைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றிச் சொன்னபோது அம்மா சிரித்தார். ஒரு மனிசி கோப்பியை என் சப்பாத்தில் ஊற்றியதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தார்.

ஐந்து மணி தாண்டியதும் காரில் ஸ்டேசனுக்கு வந்தோம். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் வழக்கம் போலக் கதவின் பிடியில் கையை வைத்தேன். எஞ்சின் சத்தம் நின்றது. அப்பா முன் தட்டிலிருந்து நீல மணிக்கூட்டை எடுத்து, மங்கிய வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இப்ப அஞ்சு இருவது. அஞ்சரைக்கு வைக்கலாமோ, இல்லாட்டி அதுவும் பிழையோ?"

"வைக்கலாமப்பா. வாற கால் மணிக்கு ஏத்தி வைக்க விடுவினம்."

முள்ளைக் கவனமாக ஐந்தரைக்குத் திருப்பி, கண்ணாடிக்குப் பின்னால் நேராக வைத்தார். இறங்கிக் கதவைப் பூட்டினார். குனிந்து முன் சில்லை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னோடு ரயில் மேடைக்கு வந்தார்.